காவிரி டெல்டாவில் பத்து ஆடு: ஈர மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

ஆடு வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கொங்கு நாட்டு மேட்டுக்காட்டையோ தென்மாவட்டக் கரிசலையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மழை பெய்து நின்றால் மறுநாள் மண் காய்ந்துவிடும். ஐப்பசியில் நம் களிமண் காய்ந்து பார்த்தவர் யாராவது உண்டா?

கொள்ளிடக் கரையில் நான் ஆடு வளர்க்கத் தொடங்கிய முதல் வருடம், ஆறு பெட்டை வாங்கி மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் மண் தரையிலேயே கட்டினேன். தவிடு, புண்ணாக்கு எதிலும் குறை வைக்கவில்லை. கார்த்திகை முடிவதற்குள் நான்கு செத்துப்போயின. நான்காவது செத்தபோது கால்நடை டாக்டர் வந்து வயிற்றை அறுத்துக் காட்டினார். நான்காம் இரைப்பையின் உள்சுவரில் நூல் நூலாகப் புழுக்கள், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கயிறுபோல, இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. ஈரலை அழுத்தினார், பித்தக் குழாயிலிருந்து சின்ன இலைபோலத் தட்டைப்புழு வழுக்கி வந்தது. நான் போட்ட தீனியெல்லாம் எங்கே போயிற்று என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நம் மண்ணில் ஆட்டைக் கொல்வது ஈரம். குளம்பில் புண்ணாக, குடலில் புழுவாக, குட்டியின் நெஞ்சில் சளியாக அது வரும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் ஆட்டை அந்த ஈரத்திலிருந்து விலக்கி வைப்பதற்கானது. பத்துப் பெட்டை, ஒரு கிடா என்ற அளவை வைத்துச் சொல்கிறேன். ஒரு குடும்பம் கூலியாள் இல்லாமல் பார்த்துக்கொள்ள அதுதான் சரியான அளவு.

முதல் படி: வருடத்தை இரண்டாகப் பிரியுங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. நம் ஆட்டுக்கும் அதுதான் நாட்காட்டி. ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து தையில் சம்பா அறுக்கும்வரை திரும்பிய பக்கமெல்லாம் நெல். மேய்ச்சலுக்கு இடமே கிடையாது. வரப்பில் ஓட்டினால் பக்கத்து வயல்காரரோடு சண்டைதான் மிஞ்சும். தையிலிருந்து வைகாசிவரை வயல் திறந்து கிடக்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் இந்தக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அறுவடை முடிந்ததும் செம்மறி மந்தையோடு இங்கே வந்து வயலில் கிடை போடுவார்கள், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் திரும்பிவிடுவார்கள்.

நாம் திரும்பிப் போக முடியாது. அதனால் ஏழு மாதம் கொட்டிலில் கட்டித் தீனி போடவும், ஐந்து மாதம் மேய்க்கவும் மனதையும் இடத்தையும் தயார் செய்துகொண்ட பிறகு ஆடு வாங்குங்கள். வருடம் முழுக்க மேய்த்தே வளர்த்துவிடலாம் என்று நினைப்பவருக்கு டெல்டா சரிவராது.

இரண்டாம் படி: ஆடு வாங்கும் முன் பரண்

மழையும் புழுக்கமும் ஓயாத ஜாவா போன்ற தீவுகளில் ஆட்டைத் தரையில் அடைக்கும் வழக்கம் குறைவு. மரக்கால் நட்டு, இடைவெளி விட்ட பலகைத் தளம் போட்டு அதன்மேல் விடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும், காலும் வயிறும் காய்ந்தே இருக்கும். நமக்கும் அதே முறைதான் பொருந்தும்.

இருபதுக்குப் பத்தடி, அதாவது 200 சதுர அடிப் பரண் பத்துப் பெட்டைக்குப் போதும். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி, கிடாவுக்கு 20, குட்டிக்கு 4 முதல் 5 என்பது கணக்கு. கிடாவுக்கும் குட்டிகளுக்கும் தனித்தனித் தடுப்பு வேண்டும். கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே குறைவாக விழும். அப்படிக் கட்டினால் நீளமான பக்கம் வடக்கைப் பார்க்கும், ஐப்பசி கார்த்திகைச் சாரலும் வாடையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கும். எனவே வடக்கிலும் கிழக்கிலும் ஆட்டின் முதுகு உயரத்துக்கு மேல் ஓரடிவரை கீற்றுத் தட்டியால் அடைத்துவிட்டு, அதற்கு மேலே காற்றுப் போக விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றி மூடுவது பெரிய தப்பு. உள்ளே மூத்திர ஆவி தங்கி, அதனாலேயே சளி பிடிக்கும்.

தளத்தின் உயரம் நாலடி. கீழே குனிந்து புழுக்கை அள்ள அந்த உயரம் வேண்டும். தண்ணீர் ஏறும் இடமாக இருந்தால் ஊரில் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் பார்த்ததிலேயே பெரிய வெள்ளத்தின் மட்டத்துக்கு மேல் தளம் வருமாறு கால் நடுங்கள். சீர்காழி, வேதாரண்யம் பக்கம் சவுக்குக் கம்பு மலிவு. காலுக்குப் பனை அல்லது சவுக்கு, தளத்துக்குப் பனைச்சட்டம் அல்லது தென்னைச் சட்டம். முழு மூங்கிலைத் தளமாகப் போடாதீர்கள், மழைநாளில் வழுக்கி ஆடு காலை ஒடித்துக்கொள்ளும். சட்டத்துக்குச் சட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. என் சுண்டுவிரல் அதில் சரியாக நுழையும், அதை வைத்தே ஆசாரியிடம் அளவு சொன்னேன். குட்டி அறையில் இடைவெளி இன்னும் குறுக வேண்டும், இல்லையென்றால் குளம்பு சிக்கும். ஏறி இறங்கச் சரிவுப் பலகையில் குறுக்குக் கட்டைகள் அடித்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோது பறக்காத கூரை கொஞ்சம்தான். ஆணியை மட்டும் நம்பாமல் கூரையின் கைமரத்தை நட்ட காலோடு சேர்த்துக் கம்பியால் கட்டுங்கள்.

மூன்றாம் படி: என்ன ஆடு, எங்கே வாங்குவது

வெள்ளாட்டில் தொடங்குங்கள். செம்மறியை நீலநாக்கு நோயும் குளம்பழுகலும் மழைக்காலத்தில் வேகமாகத் தாக்கும். ஒரு வருடம் கை பழகிய பிறகு செம்மறிக்குப் போகலாம். அப்போதும் அடர்ந்த ரோமம் உள்ளது வேண்டாம். கரீபியன் பகுதியில் இருக்கும் பார்படாஸ் தீவின் கருவயிற்றுச் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது, முடிதான். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் அதுதான் நிலைத்தது.

வெள்ளாட்டில் நம் ஊர்ப் பள்ளையாடு சிறியது, எடை குறைவு, ஆனால் இந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது. மலபார் மழையில் வளர்ந்த தலைச்சேரி ஆடு பரணுக்கு நன்றாகப் பழகும், இரட்டைக் குட்டி போடும். கன்னி ஆடும் கொடி ஆடும் தென்மாவட்ட வறண்ட காட்டுக்கு உரியவை. பரணில் வளரும், சேற்றில் விட்டால் தாங்காது. நான் சொல்வது பள்ளைப் பெட்டையோடு தலைச்சேரிக் கிடா. போயர், ஜமுனாபாரி என்று எடையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவதை முதல் மூன்று வருடம் தள்ளிப் போடுங்கள்.

சந்தையில் வாங்காமல் இருக்க முடிந்தால் நல்லது. பத்து ஊர் ஆடு மூச்சு முட்ட நிற்கும் இடத்தில் ஆட்டுக்கொல்லி நோயும் கூடவே ஏறி வரும். பக்கத்து ஊர் வளர்ப்பாளர் வீட்டுக்கே போய், மாலையில் பட்டி திரும்பும்போது பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்: இரண்டு பல் விழுந்து முளைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் வயது, நாலு பல்லுக்கு இரண்டு வயது. வாலைத் தூக்கிப் பாருங்கள், கழிச்சல் ஒட்டியிருந்தால் வேண்டாம். மடியை அமுக்கிப் பாருங்கள், கட்டி இருக்கக் கூடாது. வாங்கி வந்ததை மூன்று வாரம் தனியே கட்டிவைத்து, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் முடித்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். மாசி, பங்குனியில் வாங்கினால் மழைக்கு முன் பழக ஏழெட்டு மாதம் கிடைக்கும்.

நான்காம் படி: தீனி

பெரிய ஆடு ஒன்றுக்கு நாளைக்கு நாலு கிலோ பசுந்தீவனம், கொஞ்சம் உலர்தீவனம், 200 கிராம் அடர்தீவனம். பதினொரு உருப்படிக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 16 டன் பச்சை. கோ-5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் பத்துப் பதினொரு சென்ட் இருந்தால் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நம் மண்ணில் கார்த்திகை முழுக்க வேரில் தண்ணீர் நின்று அது மஞ்சளடித்துவிடும். ஆகவே இருபது சென்ட் ஒதுக்கி, மேட்டுப் பாத்தி அணைத்து, 60-க்கு 50 செ.மீ இடைவெளியில் கரணை நடுங்கள். எண்பதாம் நாள் முதல் அறுப்பு, பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. அதன் ஓரத்திலேயே வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம். இதன் விதைத்தோல் கெட்டியானது. கொதித்து இறக்கி நாலு நிமிடம் ஆறிய தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால்தான் முளைக்கும்.

ஆனால் வெள்ளாடு புல்லைவிடத் தழையைத்தான் விரும்பும். வாய்க்கால் கரைப் பூவரசு, வேலியோரக் கல்யாண முருங்கை, கிளிசிடியா, ஒதியன், வாகை, கொல்லைப் பலா எல்லாம் ஆட்டுக்கு விருந்து. கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தால், கொடிக்கு நட்ட அகத்தியைக் கழிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், மீறினால் முடி கொட்டும். தழைக்கட்டைத் தரையில் போடாமல் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். மிதிபட்ட தழையை ஆடு தொடாது.

மழைக்கால உலர்தீவனத்தைச் சித்திரையிலேயே சேர்த்துவிட வேண்டும். சம்பா அறுத்த தாளில் விதைத்த உளுந்தும் பயறும் அடித்து முடித்ததும் மிஞ்சும் செடியும் நெற்றுத்தோலும் களத்தோரம் கிடக்கும். பலர் கொளுத்திவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. வைக்கோலைவிட அதில் சத்து அதிகம், வெள்ளாடு விரும்பியும் தின்னும். காய்ந்தபடியே சாக்கில் அடைத்துப் பரண் கூரையடியில் கட்டிவைத்தால் அடைமழை நாளில் அதுதான் கைகொடுக்கும்.

அடர்தீவனம் வீட்டிலேயே கலக்கலாம்: 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 20, துவரை அல்லது உளுந்துப் பொட்டு 12, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. செம்மறி வைத்திருப்பவர்கள் மாட்டுக்கான தாது உப்பை வாங்காதீர்கள், அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகும்.

விஷங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். வாய்க்கால் முழுக்க ஊதாப்பூ பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஆட்டின் நரம்பைக் கெடுக்கும். இளஞ்சோளப் பயிரும் மரவள்ளித் தழையும் அரளியும் உயிரையே எடுக்கும். பக்கத்து வயலில் மருந்து அடித்தால் அந்த வரப்புப் புல்லை இரண்டு வாரம் தொடாதீர்கள். எப்போது அடிக்கிறார் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தையில் களத்தில் சிந்திய நெல்லும், விசேஷ வீட்டில் மிஞ்சிய சோறும் இன்னொரு ஆபத்து. ஆடு வயிறு முட்டத் தின்றுவிடும், வயிற்றில் புளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். 20 கிராம் சமையல் சோடாவைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டுவது முதலுதவி, உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஐந்தாம் படி: கண்ணிமையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு ஆடாகப் பிடித்து, கட்டைவிரலால் மேல் இமையை லேசாக அழுத்தி, மற்ற கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உள்தோல் தெரியும். செம்பருத்தி போலச் சிவந்திருந்தால் கவலையில்லை. வெளிர் ரோஜாவாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் புழு உள்ளே பெருகிவிட்டது, அன்றைக்கே மருந்து வேண்டும். தாடைக்குக் கீழே மாலையில் தண்ணீர்ப் பைபோல வீங்கி, காலையில் வற்றியிருந்தால் அதுவும் அதே அடையாளம். தட்டைப்புழுவுக்கும் அப்படி வீங்கும்.

எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் மருந்துக்கு அசையாத புழு மட்டுமே மிஞ்சிப் பெருகும். வெளுத்தவற்றுக்கும் கழிபவற்றுக்கும் கொடுங்கள். எடை போட்டு, டாக்டர் சொன்ன அளவை முழுதாகக் கொடுங்கள், குத்துமதிப்பாகக் குறைத்து ஊற்றுவதால்தான் மருந்து செத்துப்போகிறது. புரட்டாசியிலும் தையிலும் புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, எந்தப் புழு என்று தெரிந்து வாங்குங்கள். இளசு, வளர்ந்தது என்று எல்லா ஈரல் தட்டைப்புழுவுக்கும் ட்ரைகிளாபெண்டசோல், வளர்ந்த தட்டைப்புழுவுக்கும் இரைப்பையில் ஒட்டும் ஆம்பிஸ்டோம் என்ற இன்னொரு தட்டைப்புழுவுக்கும் ஆக்சிகுளோசனைடு, உருண்டைப்புழுவுக்கு வேறு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. ஆல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாது, கரு ஊனமாகும்.

தட்டைப்புழு வருவது வயல் நத்தையிலிருந்து. நத்தையை விட்டு வெளியேறிய குஞ்சுப்புழு, தண்ணீர் மட்டத்தை ஒட்டிய புல்தாளில் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். வாய்க்காலோர நீர்ப்புல்லை அறுத்தால் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். மற்றப் புழுக்கள் பனி ஈரத்தில் புல்நுனிவரை ஏறும், ஆகவே மேய்ச்சல் மாதங்களில் பனி உலர்ந்த பிறகு, ஒன்பதரை பத்து மணிக்கு மேல்தான் அவிழ்த்துவிட வேண்டும். அறுவடைக்குப் பின் வாத்து மேய்ப்பவர்கள் வந்தால் உங்கள் வயலில் முதலில் விடச் சொல்லுங்கள், நத்தையை அவை பொறுக்கித் தின்றுவிடும்.

குளம்பை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீவிவிடுங்கள். மழைக்காலத்தில் பரண் ஏறும் இடத்தில் ஒரு தட்டையான தொட்டி வைத்து, லிட்டருக்கு 50 கிராம் மயில்துத்தம் கரைத்து, வாரம் ஒருமுறை நடக்கவிடுங்கள். அதைக் குடிக்க விடாதீர்கள், குறிப்பாகச் செம்மறியை.

தடுப்பூசிகள்: ஆட்டுக்கொல்லி நோய்க்கு நாலாம் மாதத்தில் ஒன்று, மூன்று வருடம் காக்கும். துள்ளுமாரிக்கு வருடாவருடம் மழைக்கு முன்பு, ஏனென்றால் முதல் மழையில் கிளம்பும் இளம்புல்லைத் தின்ற கொழுத்த குட்டிதான் துள்ளி விழுந்து சாகும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. செம்மறிக்கு நீலநாக்குத் தடுப்பூசியும் புரட்டாசிக்குள்.

ஆறாம் படி: கார்த்திகையில் குட்டி பிறக்க வேண்டாம்

சினைக்காலம் 150 நாள். சித்திரை, வைகாசி, ஆனியில் சேர்ந்த பெட்டை புரட்டாசி முதல் கார்த்திகைக்குள் ஈனும். இரண்டு கிலோ எடையோடு நனைந்து பிறக்கும் குட்டி அந்தக் குளிரில் பிழைப்பது கடினம். ஆகையால் அந்த மூன்று மாதமும் கிடாவைத் தனியே கட்டுங்கள். ஆவணியில் சேர்ந்தால் தைக் குட்டி, பங்குனியில் சேர்ந்தால் ஆவணிக் குட்டி. தைக் குட்டிதான் தங்கம்: பனி விலகி வெயில் ஏறும், வயல் திறக்கும், தாய்க்குப் பால் சுரக்கும். இப்படிக் கட்டுப்படுத்தினாலும் இரண்டு வருடத்துக்கு மூன்று ஈத்து ஏறக்குறைய கிடைத்துவிடும். கத்திக்கொண்டு வாலை ஆட்டும் பெட்டையைப் பார்த்த பன்னிரண்டு மணி நேரம் கழித்துச் சேருங்கள். சேராமல் போனால் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், தன் மகளையே அது சேரக் கூடாது.

பிறந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புளில் டிஞ்சர் அயோடின் தொட்டு, அரை மணிக்குள் சீம்பால் குடிக்கவையுங்கள். மூன்றாம் குட்டி இருந்தால் அதை முதலில் மடிக்குக் கொண்டுபோங்கள், மற்ற இரண்டும் தானே தேடிக்கொள்ளும்.

ஏழாம் படி: விற்பது

தராசு வாங்குங்கள். தொங்குதராசு ஒன்று இருந்தால் வியாபாரி கண்மதிப்பில் விலை பேச முடியாது. ஆடிக் கிடாவெட்டு, தீபாவளி, காணும் பொங்கல், பக்ரீத் எல்லாம் விலை ஏறும் நாட்கள். பக்ரீத் வருடத்துக்குப் பதினோரு நாள் முன்னே நகரும், ஒரு வயது நிறைந்த ஊனமில்லாத கிடாதான் கேட்பார்கள். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் அதைக் கணக்கிட்டே குட்டியை நிறுத்துங்கள். பரணுக்குக் கீழே விழும் புழுக்கையை மழையில் நனையாமல் அள்ளிக் குவித்தால் நாற்றங்காலுக்கும் கொல்லைக்கும் விலைகொடுத்து வாங்கிப் போவார்கள்.

எட்டாம் படி: தண்ணீர் வரும் நாள்

நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போலக் கொள்ளிடத்துப் படுகையில் இருப்பவர்களுக்குத் தீவு வாழ்க்கை கதையல்ல. மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் கொள்ளிடம் கரைபுரண்டு திட்டைச் சுற்றிக்கொள்ளும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் முதலில் ஆட்டை நகர்த்துங்கள், பிறகு சாமான். கழுத்தளவு தண்ணீரில் ஆட்டை இழுக்க முடியாது. கரையில் யார் வீட்டில், எந்தத் தோப்பில் கட்டுவது என்பதை வைகாசியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகளைக் கோழிப் பஞ்சாரத்தில் போட்டுத் தூக்கலாம். சினை ஆட்டை வண்டியில் அடுக்காமல் நடத்தியே கூட்டிப்போங்கள். ஒரு சாக்கு உலர்தீவனம், ஒரு பாக்கெட் தாது உப்பு, டிஞ்சர், கயிறு ஆகியவற்றை ஒரு பையில் எப்போதும் கட்டி வையுங்கள். காதில் வில்லை போட்டு, ஒவ்வொரு ஆட்டையும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் காப்பீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் உதவும்.

தண்ணீர் வடிந்ததும் பரணைக் கழுவி, கீழே சுண்ணாம்பு தூவி, இரண்டு நாள் வெயில் காட்டி ஆட்டை ஏற்றுங்கள். படுகைப் புல்லில் வண்டல் படிந்திருக்கும். நல்ல மழை ஒன்று அதைக் கழுவி, மேலே புதுத் தளிர் ஒரு சாண் வளரும்வரை கரையில் ஒடித்த பூவரசந்தழையையே போடுங்கள்.